குட்ட நாடும் அதன் கொடுந்தமிழும்

தொல்காப்பியச் சொல்லதிகாரம் பயிலும் மாணவர் எச்சவியலில் திசைச்சொற் பகுதியை அடைந்ததும் பன்னிரு நிலங்களின் பெயர்களை மனனஞ் செய்வர். அவற்றுள் ஒன்று குட்டம். குட்ட நாட்டார் தாயைத் 'தள்ளை' என வழங்குவர் என்பது உரையாசிரியர் காட்டும் உதாரணம். மாணவர் அதனைக் குறிப்பேட்டில் எழுதுவர், தேர்வில் ஒப்புவிப்பர், மறப்பர். அந்நாடு இன்றும் அப்பெயருடனேயே இருக்கின்றது என்பதும், சபரிமலைக்குச் செல்லும் நம்மவர் பலர் செங்கன்னூரிற் புகைவண்டி விட்டு இறங்கும்போது அதன் வாயிலிலேயே கால் வைக்கின்றனர் என்பதும் பெரும்பாலோர்க்குத் தெரியா. மலையை நோக்கிய விரைவில் அவர்கள் மேற்கே திரும்பிப் பார்ப்பதில்லை.

கேரளத்தின் ஆலப்புழை மாவட்டம் 1957 ஆகஸ்டு 17இல் அமைக்கப்பட்டது. குட்ட நாட்டின் பெரும்பகுதி இதனுள் அடங்கும். குட்டம் என்பதற்கு ஆழம், ஆழமான நீர்நிலை என்பன பொருள். பெயர் பொய்யன்று. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் என்னும் ஆறுகள் மலையினின்று இழிந்து, கடலைச் சேருமுன் வேம்பநாட்டுக் காயலிற் பரந்து நிற்கும் இடம் இது. இந்தியாவின் மிக நீண்ட ஏரி அக்காயலே. இங்குள்ள வயல்களிற் பல கடன்மட்டத்திற்கு ஒரு மீற்றர் முதல் இரண்டு மீற்றர் வரை தாழ்ந்துள்ளன. படகிற் செல்வோன் வரம்பிற்கு அப்பால் நோக்கின், தான் மிதக்கும் நீருக்குக் கீழே நெற்பயிர் நிற்பதைக் காண்பான்.

இவ்வயல்கள் இயற்கை தந்தவையல்ல. காயலின் அடியிலிருந்து சேற்றை வாரி, மூங்கிலும் தென்னங்கழியும் நட்டு, வரம்பு கட்டி, உள்ளே நின்ற நீரை இறைத்து வெளியேற்றி ஆக்கப்பட்டவை. முன்னாளில் ஆடவர் வரிசையாக அமர்ந்து மிதித்த சக்கரங்களால் நீர் இறைக்கப்பட்டது. பின்னர் 'பெட்டியும் பறையும்' என்னும் மரப்பொறி வந்தது. 1940களில் முரிக்கன் என வழங்கப்பெற்ற நிலக்கிழார் சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்னும் காயல் நிலங்களை மீட்ட வரலாற்றை அந்நாட்டார் இன்றும் பெருமையுடன் கூறுவர். ஆயினும் நீருள் மூழ்கிச் சேறெடுத்த புலையர் முதலிய தொழிலாளரின் பெயர்களை எக்காயலும் தாங்கவில்லை. அக்குறையை ஒருவாறு நீக்கியவர் தகழி சிவசங்கரப் பிள்ளை. 1948இல் வந்த அவருடைய நாவலின் பெயர் 'ரண்டிடங்ஙழி'. இரண்டு இடங்கழி நெல் என்பது பொருள். சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பாற் 'செம்மீன்' படித்த நம் மாணவர் இந்நாவலையும் தேடிப் படித்தல் வேண்டும்; என் கருத்தில் இரண்டினுள் இதுவே வலியது.

கடல் அருகிருப்பதால் உவர் புகும். அதனைத் தடுக்க 1970களிற் தண்ணீர்முக்கத்தில் அணையும் கதவுகளும் அமைத்தனர். கோடை வருமுன் கதவுகளை அடைப்பர். மாரியை ஒட்டித் திறப்பர். தொண்டைமானாற்றுக் கதவுகளை அறிந்த நமக்கு இதன் நோக்கத்தை விளக்க வேண்டியதில்லை. அங்கே நெல் பிழைத்தது. ஆனால் கடலுக்கும் காயலுக்கும் இடையே போய்வந்த மீனும் இறாலும் வழி இழந்தன. உவர்நீர் ஆண்டுதோறும் வந்து அழித்த ஆகாயத்தாமரை தடையின்றிப் படர்ந்தது. உழவனும் மீனவனும் கதவு திறக்கும் நாளைப்பற்றி இன்றும் வழக்காடுகின்றனர். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு என்பதே இவ்வழக்கின் துன்பம். 2013இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் இவ்வேளாண்மையை உலக மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. ஐந்தாண்டு கழித்து, 2018 ஆகஸ்டு வெள்ளத்தில், அந்நாட்டு மக்களுட் பெரும்பாலோரையும் வீடு விட்டு வெளியேற்ற நேர்ந்தது.

இனிக் கோயில்கள். செங்கன்னூர், திருப்புலியூர், திருவண்வண்டூர் என்னும் மூன்று திருமால் தலங்களும் ஒன்றற்கொன்று அண்மையில் உள்ளன. மூன்றும் நம்மாழ்வாரின் திருவாய்மொழியிற் பாடப்பெற்றவை. திருப்புலியூரைக் குட்டநாட்டுத் திருப்புலியூர் என்றே அவர் குறிக்கின்றார். இவற்றைத் தருமனும் வீமனும் நகுலனும் வழிபட்டனர் என்பது அவ்வூர் மரபு. திருவண்வண்டூர்ப் பதிகத்திற் தலைவி கழிக்கரையில் இரைதேரும் பறவைகளைத் தூது விடுகின்றாள். அகப்பொருள் இலக்கணத்தில் நெய்தலின் கருப்பொருளாக நாம் படிக்கும் கழியும் நாரையும் அங்கே வீட்டுக் கொல்லையில் உள்ளன. மூன்று தலங்களையும் ஒரு முற்பகலிற் சேவிக்கலாம்.

அம்பலப்புழைக் கண்ணன் கோயில் பாற்பாயசத்தாற் புகழ்பெற்றது. சதுரங்கத்தில் அரசனை வென்ற முதியவர் ஒருவர், முதற் கட்டத்திற்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என இரட்டித்து அரிசி கேட்டாராம். அறுபத்துநான்கு கட்டங்களுக்கும் வரும் தொகை 18,446,744,073,709,551,615. அக்கடனை அரசன் இன்றளவும் பாயசமாகத் தீர்க்கின்றான் என்பது கதை. கணித ஆசிரியர் இதனை வகுப்பிற் பயன்படுத்துக. குஞ்சன் நம்பியார் மிழாவு கொட்டுகையிற் கண்ணயர்ந்து, சாக்கியாரால் எள்ளப்பட்டு, மறுநாளே ஓட்டன்துள்ளல் என்னும் புதுக்கூத்தை ஆடிக் காட்டினார் என்னும் கதையும் இக்கோயிலதே. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் இத்தகைய கோயில்களின் கதவுகளை இந்துக்கள் அனைவர்க்கும் திறந்தது. நம் நாட்டிற் சில கோயில்களின் கதவு திறக்க அதற்குப்பின் எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை மூத்த பழைய மாணவர் அறிவர்.

அக்கோயில் மூர்த்தியைக் குறிச்சியிலிருந்து தோணியிற் கொணர்ந்தபோது இரவு நேர்ந்ததால், சம்பக்குளத்திற் கிறித்தவக் குடும்பம் ஒன்றன் இல்லத்தில் எழுந்தருளுவித்தனர் என்பர். அந்நினைவாக மிதுன மாதத்து மூல நாளில் அங்கு வள்ளப் போட்டி நடைபெறுகின்றது. 1952இல் வந்த பிரதமர் நேரு வெள்ளிக் கிண்ணம் அளித்ததனால் எழுந்த புன்னமடைப் போட்டியே உலகறிந்தது. ஆயினும் பழைமையும் பத்தியும் வேண்டுவோர் சம்பக்குளத்திற்கே செல்க. சுண்டன் வள்ளம் ஆஞ்சிலி மரத்தாற் செய்யப்படுவது. நூற்றுவர் அளவில் அமர்ந்து துடுப்பிடுவர்.

வள்ளம் என்னும் சொல்லைக் கேட்டதும் நம் கரையூர் மாணவன் முகம் மலர்வான். அது அவன் வீட்டுச் சொல். பேசுதலைப் 'பறைதல்' என்னும் யாழ்ப்பாண வழக்கும் அங்கே அன்றாட வழக்கு. சொற்களின் போக்கு விந்தையானது. நம்மிடம் புஞ்சை வானம் பார்த்த மேட்டு நிலம். குட்ட நாட்டிலோ 'புஞ்ச' என்பது நீர் இறைத்த தாழ்வயலில் விளையும் நெல். உரையாசிரியர் குடநாட்டுக்குரித்தாகக் காட்டிய 'அச்சன்' இன்றும் மலையாளத்தில் மதிப்புடன் வாழ்கின்றது; 'தள்ளை'யின் வழிவந்த 'தள்ள'யோ மதிப்பிழந்து, பெற்ற தாயை அழைக்க ஆகாத சொல்லாயிற்று. கொடுந்தமிழ் என்பதிற் 'கொடு' வளைவைக் குறிக்கும், கொடுமையை அன்று. 'பறைஞ்சான்' என்று எழுதிய சிறுவனை வகுப்பில் எள்ளி நகையாடும் ஆசிரியர் இதனை நினைத்தல் நன்று. பிழையைத் திருத்துக, சொல்லை இகழற்க.

செல்ல விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு. பெரும்பொருள் கொடுத்து வீட்டுப்படகு அமர்த்த வேண்டியதில்லை. ஆலப்புழையிலிருந்து அரசாங்க நீர்ப்போக்குவரத்துப் படகுகள் சிறு கட்டணத்திற் செல்கின்றன. பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்குச் செல்லும் பெண்டிரும் அவற்றில் ஏறி இறங்குவர். ஓரமாக அமர்ந்து அவர்கள் பறைவதைக் கேட்டால், பாதிக்குமேல் விளங்கும்.