குறுக்கே பார், பாப்பா

மன்னார்குடி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. முந்தாநாள் ராத்திரி நீ போனில் சொன்னது மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. "நாலாம் வகுப்புப் பிள்ளைங்க அட்டவணையெல்லாம் கரெக்டா நிரப்பிடுறாங்க பெரியம்மா, என்ன விதின்னு கேட்டா மட்டும் முழிக்கிறாங்க" என்றாய். போனில் பதில் சொல்லலாம்தான். ஆனால் கணக்கைக் காதால் கேட்டு என்ன பிரயோசனம்? அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் என் கதை. வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருஷம். கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டேன். இடப்பக்கம் 1, 2, 3, 4, 5. வலப்பக்கம் 4, 7, 10 வரைக்கும் நான் எழுத, மிச்சத்தைப் பிள்ளைகள் 13, 16 என்று கடகடவென்று நிரப்பிவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்குப் பார்வைக்கு வந்த அதிகாரி பலகையைப் பார்த்துவிட்டு, "100 போட்டா என்ன வரும்?" என்று கேட்டார். வகுப்பே கப்சிப். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "99க்கு என்னன்னு நீங்க சொல்லுங்க சார், நான் மூணு கூட்டிச் சொல்றேன்" என்றான். அதிகாரி சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் மத்தியானம் சோறு இறங்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் அவன் சொன்னதில் தப்பே இல்லை. 1, 2, 3 என்று நான் வரிசையாக அடுக்கி வைத்ததால், வலப்பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தாலே விடை கிடைத்துவிடுகிறது. இடப்பக்கத்தைத் திரும்பிப் பார்க்க அவனுக்கு ஒரு காரணமும் நான் கொடுக்கவில்லை. கீழே பார்க்கிற பிள்ளைக்கு "மூணு மூணாக் கூடுது" என்பது மட்டும்தான் தெரியும். குறுக்கே பார்க்கிற பிள்ளைக்குத்தான் "போட்டதை மூணால பெருக்கி ஒண்ணு கூட்டணும்" என்பது தெரியும். உன் பிள்ளைகளும் கீழே பார்த்துத்தான் நிரப்புகிறார்கள். நாளைக்கு அதே கணக்கை 7, 2, 10, 0 என்று கலைத்துப் போட்டுப் பார். ஓட்டம் அறுந்துபோகும். கொஞ்ச நேரம் தவிப்பார்கள், தவிக்கட்டும். பூஜ்யத்தை மட்டும் விட்டுவிடாதே. பெருக்கினதெல்லாம் அங்கே மறைந்துபோய், கூட்டின 1 மட்டும் தனியாக நிற்கும்.

உள்ளீடு, வெளியீடு என்ற சொற்களை முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் பயமுறுத்தாதே. 'போட்டது', 'வந்தது' போதும். நான் பள்ளிக்கூடத்துக்கு முறுக்குக் குழலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். உன் அம்மாவைக் கேள், அந்த நாளில் வீட்டில் என்னை எவ்வளவு கேலி செய்தாள் என்று. மாவைப் போட்டு அழுத்தினால் முறுக்கு வருகிறது. நட்சத்திர அச்சை எடுத்துவிட்டுப் பட்டை அச்சைப் போட்டால் ரிப்பன் பக்கோடா. மாவை யார் போட்டாலும் பண்டத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கிற அச்சு. விதி என்பது அந்த அச்சுதான் என்று ஒரு தடவை காட்டிவிட்டால் பிறகு விளக்கமே வேண்டியதில்லை. "டீச்சர், இந்தக் கணக்குல அச்சு என்ன?" என்று அதுகளே கேட்கும்.

பிறகு மெஷின் விளையாட்டு. மேஜைக்கு அடியில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து ஒரு பக்கம் துணியைத் தொங்கவிடு. காதில் விதியைச் சொல்லிவிடு. மற்றவர்கள் சீட்டில் ஓர் எண்ணை எழுதி உள்ளே தள்ள வேண்டும். உள்ளே இருப்பவர் விடையை எழுதி வெளியே தள்ளுவார். இதில் ஒரே ஒரு கண்டிப்பு: விதி தெரிந்துவிட்டது என்று யாரும் அதை உரக்கச் சொல்லக் கூடாது. தெரிந்தவர் அடுத்த எண்ணுக்கு என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். மெஷின் அதையே கொடுத்தால் சரி. இல்லையென்றால் மறுபடி யோசிக்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று விடையைப் போட்டுடைத்து மற்ற முப்பது பேரின் யோசனையைக் கெடுப்பது இதனால் நிற்கும். விதியைக் கண்டுபிடிக்கும் இந்த வகை ஆட்டத்தை அமெரிக்காவில் ராபர்ட் டேவிஸ் என்பவர் 1957இல் தொடங்கிய மாடிசன் திட்டத்திலும் ஆடியிருக்கிறார்கள். அவர் எழுத்துகளுக்குப் பதிலாகப் பெட்டியும் முக்கோணமும் வரைந்து, பெட்டிக்குள் போட்ட எண், முக்கோணத்துக்குள் வந்த எண் என்று பிள்ளைகளை எழுதவைத்தார். நாலாம் வகுப்புக்கு அதுவே போதும். எக்ஸும் ஒய்யும் வரும்போது வரட்டும்.

முதல் சீட்டில் 3 போட்டு 9 வந்தது என்று வைத்துக்கொள். உடனே ஒரு குரல், "மூணால பெருக்கு!" நீ தலையாட்டிவிடாதே, முகத்திலும் ஒன்றையும் காட்டாதே. "வேற எப்படி வரலாம்?" என்று கேள். 6 கூட்டியிருக்கலாம். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கியிருக்கலாம். இரட்டிப்பாக்கி 3 கூட்டியிருக்கலாம். நாலு விதியையும் பலகையில் எழுதிவிட்டு, "இப்ப எந்த எண்ணைப் போட்டா இதுல எதுன்னு தெரியும்?" என்று கேள். 5 போட்டால் 15, 11, 25, 13 என்று நாலும் நாலு பக்கம் பிரிந்துவிடும். இந்தக் கேள்விக்கு ஒரு பாடவேளை முழுக்கப் போனாலும் கவலைப்படாதே. எந்த எண்ணைப் போட்டுச் சோதிப்பது என்று ஒரு பிள்ளை தானாகத் தேர்ந்தெடுப்பதை, பத்து அட்டவணை நிரப்புவதைவிடப் பெரிதாக நான் மதிக்கிறேன்.

என் பழைய அட்டவணைக்கு வருகிறேன். அதில் இன்னொரு குறையும் இருந்தது, அது எந்தப் பொருளையும் பற்றியது இல்லை, வெறும் எண்கள். பிற்பாடு ஈர்க்குச்சியை ஒடித்துக்கொண்டு போனேன். ஒரு கட்டத்துக்கு 4 குச்சி. பக்கத்தில் ஒட்டினாற்போல் இன்னொரு கட்டம் என்றால் 7. மூன்றுக்கு 10. அதே கணக்கு! "10 கட்டத்துக்கு எத்தனை?" என்று கேட்டால் பாதிப் பேர் 32 என்பார்கள். 5 கட்டத்துக்கு 16, அதனால் பத்துக்கு அதன் இரட்டிப்பு என்று நினைப்பார்கள். தப்பு என்று சொல்லாதே. இரண்டு ஐந்து கட்டச் சரங்களைத் தரையில் கொண்டுவந்து இணைக்கச் சொல். இணைகிற இடத்தில் ஒரு குச்சி மிஞ்சும். அதைக் கையில் எடுத்த பிள்ளை "31 டீச்சர்!" என்று தானே கத்தும். பிறகு பொறுமையாகக் காட்டு: முதலில் ஒரு குச்சி நிற்கிறது, அதற்கப்புறம் ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று. கட்டமே போடாவிட்டாலும் அந்த ஒன்று நிற்கும். 100 கட்டத்துக்கு 301. தொண்ணூற்றொன்பதைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

மார்கழியில் கோலத்தையும் விட்டுவிடாதே. சந்துப்புள்ளியில் நடு வரிசை 5 வைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 1 வரை போனால் மொத்தம் 25 புள்ளி. நடு வரிசை 3 என்றால் 9. 7 என்றால் 49. நேர்ப்புள்ளியில் இரண்டிரண்டாகக் குறையும், அங்கே 3க்கு 5, 5க்கு 13, 7க்கு 25. நடு வரிசைதான் போட்டது, மொத்தப் புள்ளிதான் வந்தது. வீட்டில் பாட்டிகளிடம் கேட்டு எழுதி வரச் சொல். சந்துப்புள்ளியின் விதியை நாலாம் வகுப்பு கண்டுபிடித்துவிடும். நேர்ப்புள்ளி கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதை உன் ஐந்தாம் வகுப்புக்கு வை.

திருப்பிப் போவதும் ஒரு பாடம். மூன்றால் பெருக்கி 1 கூட்டுகிற மெஷினில் 40 வந்தது, போட்டது என்ன? பிள்ளைகள் முதலில் 40ஐ மூன்றால் வகுக்கப் போய் மாட்டிக்கொள்ளும். டிபன் கேரியரைக் காட்டு. கடைசியாக வைத்த அடுக்கைத்தானே முதலில் எடுக்கிறோம்? கூட்டின ஒன்றை முதலில் கழி, 39. அப்புறம் வகு, 13.

உன்னுடையது ஈராசிரியர் பள்ளி, ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பு, அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருக்கும், இதையெல்லாம் எங்கே செய்வது என்று நீ முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நானும் அப்படித்தான் முணுமுணுத்தேன். ஆனால் இந்த மெஷினுக்கு எல்லாரும் வேண்டும். அரும்புப் பிள்ளை புளியங்கொட்டையை எண்ணி உள்ளே தள்ளட்டும். மொட்டு அட்டவணையில் எழுதட்டும். மலர் அச்சு என்னவென்று கண்டுபிடிக்கட்டும். மேஜைக்கு அடியில் போக யாருக்குமே வலிக்காது. மெதுவாகப் படிக்கிற பிள்ளையை அடிக்கடி உள்ளே உட்காரவை. விதி தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்ற மிதப்பில் அது கணக்குப் போடுவதைப் பார்க்க வேண்டுமே!

பத்தாம் வகுப்பில் 'உறவுகளும் சார்புகளும்' என்று முதல் பாடமே இந்த மெஷின்தான். ஒன்றைப் போட்டால் ஒன்றுதான் வர வேண்டும், இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று வந்தால் அது சார்பு ஆகாது. உன் மெஷினுக்குள் இருக்கும் பிள்ளை கவனம் பிசகி ஒரே எண்ணுக்கு இரண்டு விடை கொடுத்தால் வெளியே இருப்பவர்கள் "மெஷின் ரிப்பேர்!" என்று கூச்சல் போடுவார்கள். அப்போது நீ அதட்டாதே, அந்தப் பாடத்தைத்தான் அதுகள் கத்துகின்றன.

பொங்கலுக்கு வரும்போது குழலை எடுத்துவைக்கிறேன், கொண்டுபோ. நட்சத்திர அச்சைத்தான் காணவில்லை. போன தீபாவளிக்கு உன் அம்மா வாங்கிக்கொண்டு போனாள், திருப்பித் தந்த ஞாபகம் எனக்கு இல்லை. அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வா.

அன்புடன்,
பெரியம்மா