நான்காவதும் பெண்ணா?

"நான்காவதும் பெண்ணா? இந்தத் தடவை நிச்சயம் ஆண்தான் என்றல்லவா இருந்தோம்!" எங்களுள் ஒருத்தியின் தெருவில் குழந்தை பார்க்க வந்தவர்கள் அந்தத் தாயின் முகத்துக்கு நேரே இப்படிச் சொன்னார்களாம். கணித வகுப்பில் ஈருறுப்புப் பரவல் பாடம் தொடங்கியதும் அந்த வீட்டையே கணக்காகப் போட்டுப் பார்த்தோம்.

ஒரு முயற்சியைக் குறித்த எண்ணிக்கையில் திரும்பத் திரும்பச் செய்கிறோம். ஒவ்வொரு தடவையும் இரண்டில் ஒன்றே விளைவு, ஒன்று மற்றொன்றைப் பாதிப்பதில்லை, நிகழ்தகவும் மாறுவதில்லை. இத்தகைய கணக்குகளை ஆராய்ந்தவர் சுவிட்சர்லாந்தின் ஜேக்கப் பெர்னோலி. அவருடைய நூல் அவர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1713-ல் வெளிவந்தது.

பெண் பிறக்கும் நிகழ்தகவு ½ என்க. (உண்மையில் ஆண் குழந்தைகள் சற்றே அதிகமாகப் பிறக்கின்றன, கணக்கு எளிதாக அதை விட்டுவிடுவோம்.) நான்கு குழந்தைகள் பிறக்கக்கூடிய வரிசைகள் 2×2×2×2 = 16. நான்கும் பெண்ணாக இருப்பது ஒரே வரிசை. மூன்று பெண், ஓர் ஆண் என்பது நான்கு வரிசை. அந்த ஆண் முதலாவதாகவோ, இரண்டாவதாகவோ, மூன்றாவதாகவோ, கடைசியாகவோ பிறக்கலாம் அல்லவா? இரண்டுக்கு இரண்டு என்பது ஆறு வரிசை. இப்படியே 1, 4, 6, 4, 1 என வருகிறது. (அ+ஆ)⁴ என்பதன் விரிவில் வரும் கெழுக்களே இவை!

ஆகவே நான்கு குழந்தைகளுள்ள 1600 குடும்பங்களில் ஏறத்தாழ 100-ல் நால்வரும் பெண்கள். சரிபாதியாக அமைவது 600-ல் மட்டுமே. சரிபாதிதான் வழக்கம் என்று நினைத்திருந்த எங்களுக்கு இது வியப்பு.

"அப்படியானால் வந்தவர்கள் சொன்னது சரிதானே? பதினாறில் ஒன்றுதானே?" என்றாள் ஒருத்தி. நாங்கள் எல்லோருமே இங்கே தடுமாறினோம். 1/16 என்பது முதற்குழந்தை பிறக்குமுன் போடும் கணக்கு. அந்த 1600-ல் முதல் மூவரும் பெண்ணாக உள்ள குடும்பங்கள் ஏறத்தாழ 200. அவற்றுள் 100-ல் நான்காவது ஆண், 100-ல் பெண். அதே ½ தான்! மூன்று அக்காமார் இருப்பது பிறக்கப்போகும் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

இதைக் கேட்ட உயிரியல் ஆசிரியை இன்னொன்றும் சொன்னார். தாயிடமிருந்து எப்போதும் எக்ஸ் குரோமோசோமே வருகிறது. தந்தையிடமிருந்து வருவது எக்ஸா, ஒய்யா என்பதே பெண்ணா, ஆணா என்பதைத் தீர்மானிக்கிறது. 1905-ல் வண்டுகளை ஆராய்ந்து இதற்கு வழிகாட்டியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. தாயைக் குறை சொல்ல இடமே இல்லை.

தோழியரே, உங்களுக்கு ஒரு கணக்கு: ஐந்து குழந்தைகளுள்ள வீட்டில் ஒரு பெண்ணாவது இருக்க நிகழ்தகவு என்ன? (விடை: 31/32)