பொது வானொலி: உண்மையான மாற்றா?

தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற என் போன்றோருக்குத் தமிழில் செய்தி கேட்கும் வாய்ப்பைத் தந்தது வானொலிதான். ஆகவே இக்கேள்வி என்னைத் தொடுகிறது: வர்த்தகச் செய்தி ஊடகத்திற்குப் பொது வானொலி உண்மையான மாற்றாகுமா?

வர்த்தக வானொலி விளம்பரத்தால் வாழ்கிறது. விளம்பரதாரர் தேடுவது வாங்கும் சக்தியுள்ள நேயரை. தோட்டப்புறத்து முதியவரின் குடியிருப்புச் சிக்கல் விளம்பரத்தைக் கொண்டுவராது. இலாபம் தராத நேயருக்கும் செய்தி சொல்வது பொது வானொலியின் கடமை. அதன் பலம் இதுவே.

ஆனால், விளம்பரம் இல்லையென்றால் சுதந்திரம் வந்துவிடுமா? 1926-இல் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. நேயர்களின் உரிமக் கட்டணத்தைப் பெற்ற பிபிசியில் எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மெக்டொனால்டு பேச விரும்பினார். அரசின் விருப்பத்தை மீற நிலையத் தலைவர் ஜான் ரீத் துணியவில்லை, வாய்ப்பு மறுக்கப்பட்டது.

நம் நாட்டிலோ, 1946-இல் ரேடியோ மலாயாவாகத் தொடங்கிய ஆர்.டி.எம். இன்றும் அமைச்சின் கீழுள்ள அரசுத் துறை. மின்னல் எப்.எம். அதன் தமிழ் வானொலி. அது விளம்பரத்தை நம்பி வாழ வேண்டியதில்லை. ஆனால் அமைச்சைச் சார்ந்தே இயங்குகிறது.

அரசு வானொலி வேறு, பொது வானொலி வேறு என்பது என் கருத்து. நிதியும் நியமனமும் ஆட்சியாளரின் கைக்கு எட்டாத வாரியத்திடம் இருந்தால்தான் அது முழுமையான மாற்றாகும். அதுவரை நண்பர்களே, இரண்டையும் கேட்போம். ஒன்று சொல்லாமல் விட்டதை மற்றொன்றில் தேடுவோம்.