வேலியோரச் சிறுபூனைக்காலி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருகோணமலை மாவட்டத்து மூதூர், சம்பூர்ப் பக்கத்து மணல் வளவுகளில் வேலியைப் பற்றிப் படரும் சிறுபூனைக்காலியும், சாறு பிழிந்து குடிக்கும் கொடித்தோடையும் ஒரே பேரினத்தவை. ‘பாசிஃப்ளோரா’ என்பது அந்தப் பேரினத்தின் பெயர். இவற்றைப் பற்றிய சில தவறான எண்ணங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்தாகவும் முடியலாம்.

நம்பிக்கை: கொடித்தோடையின் ஆங்கிலப் பெயரிலுள்ள ‘பெஷன்’ என்றால் மோகம். பழம் ஆசையைத் தூண்டும்.

உண்மை: பெயரில் மோகம் இல்லை. பெரிய வெள்ளியன்று தேவாலயங்களில் நினைவுகூரும் இயேசுவின் பாடுகளையே அது குறிக்கிறது. தென்னமெரிக்காவுக்குப் போன ஸ்பானிய மறைபரப்பாளர்கள் இந்தப் பூவில் சிலுவைக் கதையைக் கண்டார்கள். 1610இல் இத்தாலிய எழுத்தாளர் ஜாக்கோமோ போசியோ அதைத் தம் நூலில் எழுதினார். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அந்தப் பெயரையே அறிவியல் பெயராக்கினார். அந்தச் சிலுவைக் கதையின்படி, நடுவிலுள்ள இழைவட்டம் முள்முடி, மூன்று சூல்முடிகள் ஆணிகள், ஐந்து மகரந்தப்பைகள் ஐந்து காயங்கள், பற்றுக்கம்பிகள் சாட்டைகள். வெளியிதழும் உள்ளிதழுமாகப் பத்து, யூதாசும் பேதுருவும் நீங்கிய அப்போஸ்தலர்கள். விடியற்காலையில் வேலியோரம் போனால் நீங்களே எண்ணிப் பார்க்கலாம். வெயில் ஏறினால் பூ மூடிவிடும்.

நம்பிக்கை: மகாபாரதக் காலம் முதலே இது நம் மண்ணின் பூ.

உண்மை: இந்தியாவில் இப்பேரினத்துப் பூவொன்றைக் கிருஷ்ணகமலம் என்பார்கள். இழைகள் கௌரவர், ஐந்து மகரந்தப்பைகள் பாண்டவர், மூன்று சூல்முடிகள் மும்மூர்த்திகள் என்பது விளக்கம். ஆனால் சிறுபூனைக்காலியும் கொடித்தோடையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பூவைக் கண்ட இடத்து மக்கள் தத்தம் பக்தியை அதில் ஏற்றினார்கள். அந்தப் பக்தி உண்மை, வரலாறு வேறு.

நம்பிக்கை: காட்டுப்பழம்தானே, காயாகவும் தின்னலாம்.

உண்மை: கூடாது. பச்சைக்காயிலும் இலையிலும் சயனைட்டு நஞ்சை வெளியிடும் சேர்மங்கள் உண்டு. நன்றாகக் கனிந்து நிறம் மாறிய பழத்தை மட்டுமே உண்ணலாம். இதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள்.

நம்பிக்கை: சிறுபூனைக்காலியின் காயைச் சுற்றியுள்ள பிசுபிசுத்த வலை வெறும் அழகு.

உண்மை: அது காவல். பூவையும் காயையும் அரிக்க வரும் சிறுபூச்சிகள் அதில் ஒட்டி இறக்கும். அந்த வலையில் புரதத்தைச் செரிக்கும் நொதிகளும் இருப்பதை இந்திய ஆய்வாளர்கள் 1995இல் எழுதினார்கள்.

நம்பிக்கை: இலையை அவித்துக் குடித்தால் நித்திரை வரும்.

உண்மை: நித்திரைக்கென்று மூலிகைக் கடைகளில் விற்பது வட அமெரிக்காவின் ‘பாசிஃப்ளோரா இன்கார்னாட்டா’. நம் வேலிக்கொடி வேறு இனம். அதை அவித்துக் குடிக்காதீர்கள்.

நம்பிக்கை: கொடிதானே, படர்ந்தால் என்ன?

உண்மை: ஆளில்லாத வளவைக் கொடிகள் எப்படி மூடும் என்பதை, 2006இல் போரால் வெளியேறி 2015 முதலே மீளக்குடியேறிய சம்பூர் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறுபூனைக்காலி இளமரங்களின் மேலேறி வெளிச்சத்தை மறைக்கும். வேலியில் இருக்கட்டும். மாங்கன்றிலும் தென்னம்பிள்ளையிலும் ஏறினால், காய்த்து விதை விழுமுன் வேரோடு பிடுங்கிவிடுங்கள்.