ஈரல் நலிந்தவருக்கு இம்யூனோதெரபி: மீன்சுருட்டிக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு

ஜிப்மரிலோ சென்னையிலோ மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஈரல் புற்றுக்கு மருந்து ஏற்றிக்கொண்டு மீன்சுருட்டியில் பஸ் இறங்குகிறவர், அடுத்த முறை போகும்வரை உங்கள் கையில்தான் இருக்கிறார். சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர், நர்ஸ் பிள்ளைகள் இதை மனதில் வையுங்கள்.

1. கட்டியைப் பார்க்குமுன் ஈரலைப் பாருங்கள். ஈரல் புற்று பெரும்பாலும் ஏற்கெனவே கெட்டுப்போன ஈரலில்தான் வருகிறது. 2020-ல் வெளியான இம்பிரேவ்150 ஆய்வில், அட்டிசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தும் பெவாசிசுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் 67 சதவீதம் பேர் ஓராண்டு தாண்டினார்கள். பழைய சோராஃபெனிப் மாத்திரையில் 55 சதவீதம். ஆனால் அதில் சேர்த்துக்கொண்டது சைல்டு-பியூ ‘ஏ’ நிலையில் இருந்தவர்களை மட்டும்தான். பிலிருபின், ஆல்புமின், ஐ.என்.ஆர், வயிற்று நீர், மனத்தெளிவு ஐந்துக்கும் மதிப்பெண் போட்டால் 5, 6 வருகிறவர் ‘ஏ’. 10 அல்லது அதற்கு மேல் போனால் ‘சி’. வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து உட்கார்ந்திருப்பவரின் வீட்டாருக்கு அந்த 67-ஐச் சொல்லி நிலத்தை விற்க வைக்காதீர்கள்.

2. பெவாசிசுமாப் ரத்தக்கசிவைக் கூட்டும். தொடங்குமுன் எண்டோஸ்கோபி செய்தார்களா என்று கேளுங்கள். மலம் கறுத்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

3. “காமாலை எப்பவோ வந்து போச்சுங்க” என்பார்கள். ஹெபடைடிஸ் பி போகாமலே பதுங்கியிருக்கலாம். மேலுறை (HBsAg) சோதனையோடு கோர் ஆன்டிபாடியும் பார்த்திருக்க வேண்டும். டெனோஃபோவிர், என்டெகாவிர் தந்திருந்தால் ஒரு நாளும் விடக் கூடாது. 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம்.

4. இதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. ஹோன்ஜோவும் அலிசனும் 2018-ல் நோபல் பெற்றது, எதிர்ப்பு அணுக்களின் பிரேக்கை விடுவிக்கும் வழியைக் கண்டதற்காக. அட்டிசோலிசுமாப் போன்ற மருந்தால் அப்படி விடுபட்ட அணு புற்றோடு நல்ல ஈரலையும் தாக்கலாம். அப்போது எஸ்.ஜி.பி.டி ஏறும், புற்று மருந்தை நிறுத்தி ஸ்டீராய்டு கொடுப்பார்கள். ஆனால் வைரஸ் விழித்துக்கொண்டாலும் அதே எஸ்.ஜி.பி.டி ஏறும், அங்கே ஸ்டீராய்டு மட்டும் போனால் வைரஸுக்குத்தான் பலம். சாராயத்தாலும் ஏறும். ஆகவே, காய்ச்சல், அசதி என்று வந்தவருக்கு ஊர் வழக்கப்படி ஒரு டெக்ஸா ஊசி போட்டு அனுப்பாதீர்கள். அன்றே ரத்தம் எடுத்து, சிகிச்சை தரும் புற்றுநோய் டாக்டரிடம் போனில் பேசுங்கள்.

5. கீழாநெல்லி குடிக்கிறாரா என்று கேளுங்கள். திட்டாமல் கேட்டால்தான் சொல்வார். 1988-ல் சென்னையில் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேரிடம் வைரஸின் மேலுறை மறைந்ததாக எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்தச் சிகிச்சை நடக்கும்போது பச்சிலைச் சாறு உள்ளே போனால், ஈரல் ஏன் சீறுகிறது என்பதே பிடிபடாது. நிறுத்தச் சொல்லுங்கள், சீட்டிலும் எழுதுங்கள்.

6. ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் மனைவி, பிள்ளைகள், கூடப்பிறந்தவர்களுக்கும் சோதனை. இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி மூன்று தவணை. அந்த வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி.