உயர மச்சு வீட்டுக்கு ஸ்கிரீன் தைக்கிறீங்களா?



விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் இருக்கும் நம் மண்டகப்பட்டுக் குடைவரைக் கோயிலைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 7-ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் பாறையைக் குடைந்து எடுத்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் எடுத்த கோயில் என்று அங்கேயே கல்வெட்டில் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறான். கத்திரி வெயிலிலும் அந்தத் தூண்களைத் தாண்டி உள்ளே போனால் குளுகுளுன்னு இருக்கும். கல் அவ்வளவு கனம், சூடு சட்டென்று உள்ளே இறங்காது.

நமக்கு வீடு கட்ட மலை கிடைக்காது. அதனால் நம் பக்கத்துப் பெரியவர்கள் வேறு வழி பார்த்தார்கள், மச்சை உயரத்தில் வைத்தார்கள். புதுச்சேரி கடற்கரைத் தெருக்களில் இருக்கும் பழைய வீடுகளைப் பாருங்கள். மரத் துலாம் போட்டு, மேலே சின்னச் செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டிருப்பார்கள். (மகேந்திரவர்மன் வேண்டாம் என்ற அத்தனையும் இங்கே உண்டு!) மச்சு 12 அடி, 14 அடி உயரம் இருக்கும். சூடான காற்று மேலே ஏறும். சுவரின் உச்சியில் இருக்கும் வென்டிலேட்டர் வழியாக வெளியே போகும். மனுஷர் இருக்கிற கீழ்ப்பக்கம் ஓரளவு குளிர்ச்சியாக இருக்கும்.

இதை ஏன் சொல்கிறோம்? அந்த வீடுகளில் பல இப்போது தங்கும் விடுதிகளாகிவிட்டன. அங்கிருந்து ஸ்கிரீன் ஆர்டர் நம் தையல் குழுக்களுக்கு வருகிறது. நல்ல வேலைதான். ஆனால் நம் வீட்டு 9 அடித் தளத்துக்குத் தைத்த பழக்கத்திலேயே இதையும் தைத்தால் கைக்காசு போகும். எங்களுக்குப் போனது.

முதலில் கம்பி எங்கே போடுவது என்று முடிவு செய்யுங்கள். வீட்டுக்காரர்கள் பலர், "மச்சிலிருந்தே தொங்கட்டும்மா, அழகா இருக்கும்" என்பார்கள். நாம் அவசரப்பட்டுத் தலையாட்டக் கூடாது. வென்டிலேட்டரைத் துணி மூடிவிட்டால், மேலே ஏறின சூடு வெளியே போக வழியில்லாமல் அறையிலேயே நிற்கும். அவ்வளவு உயரமாகக் கட்டியதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். வென்டிலேட்டருக்குக் கீழே, ஜன்னல் சட்டத்துக்கு மேலே இருக்கிற இடைவெளியில்தான் கம்பி வரணும். ஜன்னலுக்கு ஒட்டினாற்போலப் போட்டால் சுவர் மொட்டையாகத் தெரியும். அதனால் வென்டிலேட்டருக்கு எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு உயரத்தில் போடுங்க. அழகும் வரும், காற்றும் போகும்.

இப்போது துணிக் கணக்கு. பென்சில் எடுத்துக்குங்க. தரையிலிருந்து 9 அடி 6 அங்குலத்தில் கம்பி என்று வைத்துக்கொள்வோம். அது 114 அங்குலம். தரையில் புரளாமல் ஒரு அங்குலம் தூக்கி நிற்கணும், ஆக 113. மேல் மடிப்புக்கு 4, கீழ் மடிப்புக்கு 6 சேர்த்தால் 123. பருத்தித் துணி தண்ணீரில் சுருங்கும். நூற்றுக்கு ஐந்து என்று வைத்தால் 130 அங்குலம் வெட்டணும். இது ஒரு துண்டின் நீளம்.

அகலம்? ஜன்னல் 4 அடி. இரண்டு பக்கமும் அரை அரை அடி கம்பி நீளணும், அப்போதுதான் ஸ்கிரீனை ஒதுக்கினால் ஜன்னல் முழுக்கத் திறந்திருக்கும். ஆக 5 அடி. கொசுவம் விழ இரண்டு மடங்கு துணி வேணும், 10 அடி, அதாவது 120 அங்குலம். 48 அங்குல அகலத் துணியில் இரண்டு துண்டு போதாது, மூன்று எடுக்கணும். மூன்று 130 என்றால் 390 அங்குலம், சுமார் 10 மீட்டர்.

இதே ஜன்னலுக்கு வழக்கமான 7 அடி ஸ்கிரீன் என்றால் ஏழரை மீட்டர் போதும். ஒரு ஜன்னலுக்கு இரண்டரை மீட்டர் வித்தியாசம். ஆறு ஜன்னலுக்கு 15 மீட்டர்! பழைய கணக்கில் விலை சொல்லிவிட்டால் அந்த 15 மீட்டரும் நம் தலையில்தான். பெரிய பூ டிசைன் துணி என்றால் பூவுக்குப் பூ சேர்ந்து வர இன்னும் ஒரு மீட்டர் கூடுதலாகப் பிடிக்கும். கட்டம், கோடு போட்ட துணியிலும் இதைக் கவனியுங்கள்.

எங்கள் தப்பு என்ன தெரியுமா? அளவெல்லாம் சரியாகத்தான் எடுத்தோம். நாள் நெருங்கியது என்று துணியை நனைக்காமலே, சுருக்கத்துக்கும் விடாமல் வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டோம். மாட்டினபோது எல்லாரும் மெச்சினார்கள். முதல் சலவையிலேயே ஐந்தரை அங்குலம் மேலே ஏறிவிட்டது. வளர்கிற பிள்ளையின் பாவாடை மாதிரி! பாக்கிப் பணம் நின்றது. துணி வாங்கினது சங்கக் கடனில், தவணை நிற்குமா? ஒரு அக்காதான் யோசனை சொன்னார், புடவைக்கு ஃபால்ஸ் வைக்கிற மாதிரி அடியில் வேறு நிறத்தில் அகலப் பட்டை கொடுக்கலாம் என்று. நனைத்துக் காயவைத்த துணியில் பட்டை தைத்தோம். பணம் வந்தது, ஆனால் ஒரு வாரக் கூலி போனது. இப்போதெல்லாம் முதலில் அண்டாவில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரிக்கோல்.

அந்தப் பட்டையில் இன்னொன்றும் கற்றோம். மேலிருந்து கீழே ஓடும் கோடு அறையை இன்னும் உயரமாகக் காட்டும். 14 அடி மச்சுக்கு அது வேண்டாம், கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். குறுக்குப் பட்டை கண்ணைக் கீழே இறக்கும்.

மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னலுக்குக் கெட்டித் துணி எடுத்து, வெளிப்பக்கம் வெள்ளை லைனிங் கொடுங்கள். சாயம் சீக்கிரம் வெளுக்காது. மற்ற பக்கங்களுக்கு மெல்லிய கைத்தறியே நல்லது, காற்றில் அசையும். ஸ்கிரீன் துணிக்குக் கரூர் பேர்போன ஊர். கைத்தறி வேணும் என்றால் கோ-ஆப்டெக்ஸில் கேட்டுப் பாருங்கள். 5 அடிக் கம்பி நீளத் துணியின் பாரத்தில் நடுவில் தொய்யும், அதனால் நடுவிலும் ஒரு பிராக்கெட் கேளுங்கள். கம்பி நுழைகிற ஓட்டை வைத்துத் தைத்தால் ஒவ்வொரு சலவைக்கும் கம்பியையே இறக்கணும். வளையமும் கொக்கியும் என்றால் கம்பி அங்கேயே இருக்கும், துணி மட்டும் வரும்.

நம் வீட்டுக்கும் வேணுமா? பழைய பருத்திப் புடவை ஒன்று போதும். ஐந்தரை மீட்டர் புடவையைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 108 அங்குலம். மடிப்புப் போக 8 அடி ஸ்கிரீன் இரண்டு கிடைக்கும். பல தடவை துவைத்த புடவை, இனி சுருங்காது.

வெளி ஆர்டருக்கு ஒவ்வொரு ஜன்னலையும் தனித்தனியாக அளந்து, எண் போட்டு எழுதுங்கள். பழைய வீட்டில் தரை மேடுபள்ளமாக இருக்கும், ஒன்றை அளந்து ஆறுக்கும் வெட்டக் கூடாது. அளவுச் சீட்டில் வீட்டுக்காரரின் கையெழுத்தும், துணிக்கு முன்பணமும் வாங்கிக்குங்க. ஏணி வைத்து மாட்டித் தருவதற்கு இரண்டு ஆள் வேணும், அந்தக் கூலியைத் தையல் கூலியோடு சேர்க்காமல் பில்லில் தனி வரியாகப் போடுங்கள்.