டர்போ டீஸல் ஜீப்பு வண்டி: வீட்டில் செய்யத்தக்க பராமரிப்பும் பழுதுபார்த்தலும்

தென்காசி ஜில்லாவின் மேற்கோரமாகிய குற்றாலம், செங்கோட்டை, மேக்கரை, புளியரைப் பகுதிகளில் ஆனி மாதம் தொடங்கிச் சாரல் பெய்யவே, தோட்டப் பாதைகள் சேறாகிவிடுகின்றன. கிழக்கே ஆலங்குளம், சுரண்டைப் பக்கங்களிலோ, அதே காலத்தில் மேல்காற்றினால் செம்மண் புழுதி பறக்கிறது. இவ்விருவகைப் பாதைகளிலும் தேங்காய், எலுமிச்சை, உரமூட்டை முதலியவற்றை ஏற்றிச் செல்ல, நான்கு சக்கரங்களும் இழுக்கும் டீஸல் ஜீப்பு வண்டி மிகவும் உபயோகமானது. ஆனால் சேற்று நீரும் புழுதியுமே அவ்வண்டிக்கு இரு பெரும் பகைகளாம். அறுவடைச் சமயத்தில் வண்டி நின்றுவிடின் உண்டாகும் நஷ்டம் பெரிது. அதைத் தவிர்க்கும் வேலைகளில் பெரும்பாகம் சாதாரண ஸ்பானர்களைக் கொண்டு வீட்டிலேயே செய்யத்தக்கது.

டர்போ வேலை செய்யும் விதம்

இரண்டாம் உலக யுத்தத்தில் ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட ஜீப்பு, 1940-களின் இறுதியில் மஹிந்திரா கம்பெனியாரால் பம்பாயில் பூட்டப்படலாயிற்று. அவ்வம்சத்தில் வந்த பொலேரோ 2000-லும், தார் 2010-லும் விற்பனைக்கு வந்தன. இவற்றின் டீஸல் என்ஜின்களில் டர்போ என்னும் கருவி அமைக்கப்பட்டது. இதன் தத்துவத்துக்கு ஸ்விஸ் தேசத்து என்ஜினீயர் ஆல்பிரட் பூக்கி 1905-ல் பேடண்டு பெற்றார்.

என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அமுக்கி என்ஜினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் அதிக டீஸல் முற்றும் எரிந்து பலம் கூடும். இத்தண்டு நிமிஷத்துக்கு ஒரு லக்ஷம் சுற்றுக்கு மேலும் சுழல வல்லது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. ஆகவே, நல்ல எண்ணெயும் சுத்தமான காற்றும் டர்போவுக்கு உயிர் எனலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. எண்ணெய்: தினந்தோறும் என்ஜினைக் கிளப்பு முன் அளவுக் கம்பியை எடுத்துப் பார்க்கவும். வண்டிப் புத்தகத்தில் கூறிய தரமுள்ள எண்ணெயையே ஊற்றவும். புழுதியில் உழைக்கும் வண்டிக்கு, அதில் குறித்த தவணைக்கு முன்பே எண்ணெயையும் அதன் பில்டரையும் மாற்றுதல் நலம். கழித்த எண்ணெயை வாய்க்காலில் கொட்டலாகாது.

2. நிதானம்: கிளப்பியவுடன் அரை நிமிஷமேனும் மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் டர்போவை எட்டிய பின்னரே வேகப்படுத்தவும். மேடேறி வந்த வண்டியை உடனே நிறுத்தாமல், இரண்டொரு நிமிஷம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தவும். இல்லையேல் சூடேறிய தண்டில் தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகும்.

3. காற்று: பில்டரை அடிக்கடி சோதித்து, கிழிந்தால் மாற்றவும். பில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாயில் வெடிப்போ, கிளாம்பில் தளர்ச்சியோ இருந்தால், புழுதி உட்புகுந்து சக்கரத்தின் இறகுகளை அரித்துவிடும். டர்போவுக்கு அப்பாலுள்ள குழாய் பிளந்தால் வண்டி பலங்குன்றிக் கரும்புகை கக்கும். மெக்கானிக்கை அழைக்கு முன் இதைப் பார்ப்பது செலவைக் குறைக்கும்.

4. நீர்: ஓடையைக் கடந்து வந்த பின், முன் பின் ஆக்ஸில்களின் எண்ணெயைச் சோதிக்கவும். பால் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது, உடனே மாற்றவும். ஆக்ஸிலின் மூச்சுக்குழாயை ரப்பர்க் குழாயால் உயரத்துக்கு நீட்டிவிடுவது அற்பச் செலவில் செய்யத்தக்க நல்ல சீர்திருத்தமாகும். என்ஜினுக்குள் நீர் புகுந்ததாகத் தோன்றினால் மீண்டும் கிளப்பலாகாது. நீர் அமுங்காது, ஆதலால் உள்ளிருக்கும் தண்டுகள் வளைந்துவிடும்.

5. நான்கு சக்கர இழுப்பு: வேண்டும்போது மட்டும் கம்பியால் மாற்றிக்கொள்ளும் வகை வண்டிகளில், இதைச் சேற்றிலும் மணலிலும் மட்டுமே உபயோகிக்கவும். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள்கின்றன. புளியரை எஸ் வளைவு போன்ற உலர்ந்த தார் ரோட்டில் இதைப் பூட்டி ஓட்டினால் பல்சக்கரங்கள் முறுக்குண்டு கெடும்.

உயிருக்கு ஆபத்தானவை

வண்டியின் அடியில் வேலை செய்வோர் ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. உறுதியான இரும்புத் தாங்கிகளை வைத்து, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுக்கவும். டிரான்ஸ்பர் கியர் நடுநிலையில் இருந்தால், வண்டியைக் கியரில் போட்டிருப்பினும் அது உருளும் என்பதைப் பலர் அறியார்.

டர்போவின் தண்டு தேய்ந்தால் எண்ணெய் கசிந்து என்ஜினுக்குள் போகும். நீலப்புகை இதன் அறிகுறிகளுள் ஒன்று. இதை அலக்ஷியம் செய்தால், ஒருநாள் என்ஜின் டீஸலை விட்டு அவ்வெண்ணெயையே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நில்லாது. அப்பொழுது பிரேக்கை முழுதும் மிதித்து, மேல் கியரில் போட்டுக் கிளச்சை விட்டால் என்ஜின் அடங்கும். அது கூடாவிடின் மனிதர் யாவரும் விலகிவிட வேண்டும். கையையோ துணியையோ காற்றுக் குழாயருகில் கொண்டுபோகவே கூடாது.

புதிய காமன் ரயில் என்ஜின்களில் டீஸல், காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் செல்கிறது. அது தோலைத் துளைத்துச் செல்லும்; அக்குழாய்களைப் பட்டறையில் மட்டுமே கழற்ற வேண்டும்.

செய்யத்தகாத சீர்திருத்தம்

பம்பின் திருகைத் திருப்பி டீஸலைக் கூட்டுவதும், டர்போவின் அழுத்தத்தை உயர்த்துவதும் பலத்தைக் கூட்டுவதாகத் தோன்றும். ஆனால் புகையின் சூடு மிகுந்து பிஸ்டன் உருகவும் கூடும். மேலும், 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது; சுப்ரீம் கோர்ட்டும் 2019-ல் இதை வலியுறுத்தியுள்ளது. கிராம உத்தியோகஸ்தர்கள் இதைக் குடியானவர்களுக்கு எடுத்துக் கூறுதல் நன்று.

வண்டி செய்யப்பட்ட பலத்தைக் குன்றாமல் காப்பதே உண்மையான சீர்திருத்தம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எண்ணெய் மாற்றிய தேதியையும் ஓடிய தூரத்தையும் எழுதி வந்து, சாரலுக்கு முன் வைகாசியில் ஒருமுறை முழுதும் சோதித்துவிட்டால், ஆடி மாதத்துச் சேற்றில் வண்டி கைவிடாது.